கைக்குழி வெட்டிய கிட்டார்

தாம்பரத்தைச் சுற்றி எந்தத் திசையில் தேடினாலும், பிளவுஸ் தைக்கிற கடையில் அளவெடுத்து வெட்டிய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது என்னிடம் இருக்கிறது. மேடவாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதன் தோளைத்தான் பார்ப்பார்கள். வழவழவென்ற கறுப்பு உடம்பில் ஒரு பக்கம் மட்டும் யாரோ ரொட்டியைக் கடித்ததுபோல் வளைந்திருக்கும். அந்த ஓரத்தில் பெயின்ட் கிடையாது, வெறும் மரம். வாசிக்கத் தெரிந்தவர்கள், இது எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். கேம்ப் ரோடு என்று சொல்வேன். அப்புறம் அவர்கள் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

அது முதலில் சித்தப்பாவுடையது. சிறுசேரியில் வேலை கிடைத்த ஜோரில் வாங்கினார். கூடவே அதற்குப் பொருத்தமாகக் கறுப்புச் சட்டை ஒன்றும் வாங்கினார். சட்டையை வெளுத்துப் போகிறவரைக்கும் போட்டார். கிட்டாரைத் தொட்டதாக யாருக்கும் நினைவில்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது அதை மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பீரோ மேல் ஏற்றிவிட்டுப் போனார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. யாரும் தேடாத பொருளெல்லாம் எனக்குச் சொந்தம் என்று நினைக்கிற வயது.

நான் இடதுகைக்காரி. அதைப் பற்றி எங்கள் வீட்டில் நீண்ட போருக்குப் பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டிருந்தது. சாப்பிடுவதும் கோயிலில் காணிக்கை போடுவதும் வலது கையால்; மற்றதெல்லாம் என் இஷ்டம். கிட்டார் மற்றதில் சேர்ந்தது. கையில் எடுத்ததும் திருப்பித்தான் பிடித்தேன். எங்கள் சர்ச்சின் வாலிபர் ஐக்கியத்தில் இசைக்குழுவை நடத்திய அண்ணா சிரித்துக்கொண்டே கம்பிகளைக் கழற்றி, அவை உட்காருகிற சின்னக் கட்டையையும் திருப்பி ஒட்டி, எல்லாவற்றையும் எனக்கு ஏற்றபடி தலைகீழ் வரிசையில் மாட்டிக் கொடுத்தார். ஒரு வருஷத்தில் ஓரளவு வாசித்தேன். ஓரளவு என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. நன்றாகவே வாசித்தேன்.

ஒரே ஒரு தொல்லை. அந்தக் கிட்டாரின் கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு பக்கத்தைக் குடைந்து விட்டிருந்தார்கள். கம்பியை அழுத்துகிற கை உள்ளே நுழைந்து உச்சியில் உள்ள ஸ்வரங்களைத் தொடுவதற்காக. நான் திருப்பிப் பிடித்ததில் அந்த வளைவு மேலே போய், யாருக்கும் உதவாமல் என் மோவாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கை போக வேண்டிய கீழ்ப்பக்கத்தில் குடையாத முழுத் தோள் சுவர் மாதிரி நின்றது. உச்சிக்குப் போகும்போதெல்லாம் மணிக்கட்டு அதில் இடித்து நிற்கும்.

அறுப்பின் பண்டிகை வந்தபோது இந்தத் தொல்லை பெரிதாகிவிட்டது. விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன விளைகிறது? முருங்கைக்காய் கொண்டுவருவார்கள், கேக் கொண்டுவருவார்கள், கடையில் வாங்கின பூசணிக்காயை நன்றாகக் கழுவிக் கொண்டுவருவார்கள். நாங்கள் வருஷா வருஷம் கொல்லை வாழையில் ஒரு தார் கொடுப்போம். அந்த வருஷம் போர்வெல் போடுகிற லாரி உள்ளே வருவதற்காக வாழையை வெட்டியாயிற்று. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. நாலு பேர் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்பது அவளால் ஆகாத காரியம்.

படைக்க வருகிறவர்கள் வரிசையாக வரும்போது வாசிக்கிற பாட்டின் நடுவில் கிட்டார் தனியாகப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. அதை அண்ணா எனக்குக் கொடுத்திருந்தார். அது ஏறி ஏறி உச்சியில் போய் முடியும். ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் இடித்து நின்றேன். வலது கைப் பழக்கத்துக்கு மாறிக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் இந்த முறை வேறு யாருக்காவது விட்டுக்கொடு என்று அண்ணா பக்குவமாகச் சொன்னார். என்னை அழைத்துப் போக வந்த அம்மாவின் காதில் அது விழுந்தது.

"உன் கைக்கு அது ஒத்து வரலடி. ஏலத்துக்குக் குடுத்துடலாம். வாசிக்க முடியிறவங்க யாராவது எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா.

அழுதேன், சண்டை போட்டேன், ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து பசி தாங்காமல் கைவிட்டேன். கடைசியில் அம்மா ஒரு வழி விட்டாள். பண்டிகைக்கு முந்தின நாள் கடைசி ஒத்திகை. அதில் அந்த இடத்தை முழுதாக வாசித்துவிட்டால் கிட்டார் என்னுடையது. இல்லையென்றால் மறுநாள் அது பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஏல மேஜையில் இருக்கும்.

பள்ளி விட்டதும் அம்மா வருகிறவரைக்கும் நான் அத்தை கடையில்தான் இருப்பேன். அப்பாவின் அக்கா. கேம்ப் ரோட்டில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருந்தாள். வாய் ஓயாது. அளவு கொடுக்க வருகிற பெண்களைப் போன வருஷத்தைவிடப் பெருத்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். அப்படியும் அவர்கள் அவளிடமே வருவார்கள். ஊரில் விற்கிற ஒரு கத்தரியும் உருப்படியில்லை என்பது அவளுடைய நிரந்தரப் புகார். துணி வெட்ட உட்கார்ந்தால் கத்தரிக்காரனைத் திட்டிக்கொண்டேதான் வெட்டுவாள்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் அவளிடம் என் குறையைச் சொன்னேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். மணிக்கட்டு இடிக்கிற இடத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இது இன்னாடி பெரிய விஷயம்? கைக்குழி சரியில்ல" என்றாள். "கை தூக்க முடியலன்னு வர்றவங்களுக்கு நான் இன்னா பண்றேன்? குழிய இறக்கி வெட்டுறேன். இறுக்கிப் பிடிக்குதுன்னு ஆளையா மாத்துறேன்?"

வரிசையில் நின்ற பிளவுஸ்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, வெட்டுகிற மேஜையில் கிட்டாரை மல்லாக்கப் படுக்க வைத்தாள். குடைந்திருந்த பக்கத்தின்மேல் செய்தித்தாளைப் போட்டு, விரலால் ஓரத்தை அழுத்தி வடிவம் எடுத்தாள். தாளை வெட்டித் திருப்பி முழுத் தோளின்மேல் வைத்தாள். எனக்குக் கை சின்னது, இன்னும் ஆழமாக வேண்டும் என்றேன். சரியென்று தாளை உள்ளே தள்ளி, சாக்கட்டியை இடது கையில் எடுத்து, கறுப்பு உடம்பின்மேல் வெள்ளைக் கோட்டை ஒரே இழுப்பில் இழுத்தாள். பக்கத்திலேயே ஒரு விரல் அகலம் தள்ளி இரண்டாவது கோடு. அது பாதியில் இருக்கும்போது அம்மாவின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. சாக்கட்டி வலது கைக்கு மாறியது. மீதிக் கோடு கொஞ்சம் நெளிந்தது. தையல்காரர்களுக்கு இரண்டு கையும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று அதை நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மேஜையைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். எப்படியும் ஏலத்துக்குப் போகப் போகிற சாமான்தானே என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்த ஆரம்பித்தாள்.

மறுநாள் மாலை கடை வாசலில் வைத்து நானே வெட்டினேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேட்கிறவர்கள் அப்பா வெட்டியதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அப்பா இரும்பு அறுக்கிற ரம்பத்தை மட்டும் கொடுத்தார். அது வளைந்து வெட்டாது. அதனால் கோடுவரைக்கும் நேர் நேராகப் பல வெட்டு வெட்டி, இடையில் நின்ற துண்டுகளைச் சரித்து அறுத்து எடுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்தேன். எந்தக் கோட்டில் வெட்டுவது என்று கேட்டதற்கு, வெளிக்கோட்டில் என்று அத்தை மிஷினிலிருந்து எழாமலே சொன்னாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அடுத்தடுத்த மாலைகளும் அதே வேலை. அத்தை நடுநடுவே எழுந்து வந்து, பிளவுஸ் போட்டுப் பார்க்கிறவர்களைக் கேட்கிற மாதிரியே, "கை ஃப்ரீயா இருக்கா?" என்று கேட்டாள்.

வளைவு வந்துவிட்டது. கையை விட்டுப் பார்த்தேன். கடைசி ஸ்வரத்துக்கு ஒரு விரல் அகலம் பாக்கி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கோடு எதற்கு என்று கேட்டேன். உள்கோடு தையல் கோடு, வெளிக்கோடு வெட்டுகிற கோடு என்றாள். உள்ளே ஒரு விரல் துணி விடாமல் அவள் ஆயுளில் எதையும் வெட்டியதில்லை. பின்னால் பிரித்துவிட உதவுமாம். இது துணி இல்லை அத்தை, இதைப் பிரிக்கவும் முடியாது தைக்கவும் முடியாது என்று கத்தினேன். அவள் வாயடைத்து நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த ஒரு விரலையும் வெட்டிவிடுவது என்று கழுத்தைக் கழற்றினேன். பின்னால் நாலு திருகாணி. கழுத்து வெளியே வந்ததும் அது உட்காருகிற பள்ளம் தெரிந்தது. பள்ளத்துக்கும் என் வளைவுக்கும் நடுவில் மிச்சமிருந்த மரம் அதே ஒரு விரல் அகலம்தான். நான் கேட்ட ஆழத்தில், உள்கோட்டில் வெட்டியிருந்தால் பள்ளத்தின் சுவரே போயிருக்கும். கழுத்து ஆடும், சுருதி நிற்காது, கிட்டார் விறகு.

அத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

"அதுக்குத்தான் விட்டேன்" என்றாள்.

சுவரில் கை வைக்க முடியாது. கையும் போக வேண்டும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கே தோன்றியது: அகலத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துக் கனத்தைக் குறைத்தால் என்ன? உள்ளங்கை இடிப்பது அங்கேதானே. சுவரை விட்டுத் தள்ளி, வளைவின் பின்விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தேன். மரத்தூள் புதுப் பட்டுத் துணிகளின்மேலெல்லாம் படிந்தது. அத்தை அவற்றை உதறி ஓரமாக வைத்தாள். கழுத்தை மாட்டிக் கையை விட்டபோது, உள்ளங்கை சரிவில் வழுக்கிக்கொண்டு போய் கடைசி ஸ்வரத்தின்மேல் உட்கார்ந்தது. அந்த ஒரு கணத்துக்கு ஈடாக இதுவரை எந்த வேலையிலும் எனக்குச் சந்தோஷம் கிடைத்ததில்லை.

ஒத்திகையில் வாசித்தேன். உச்சிக்குப் போய் அங்கேயே கொஞ்சம் நின்று, வேண்டுமென்றே இன்னொரு தரமும் தொட்டுவிட்டு இறங்கினேன். அண்ணா கிட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுநாள் என்னை வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார். என் கிட்டாரின் கழுத்து மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் நீண்டதால் நடைபாதையில் பூசணிக்காயோடு வந்தவர்கள் குனிந்துதான் போனார்கள். அம்மா இரண்டு சீப்பு வாழைப்பழத்தைக் கடையில் வாங்கி, நன்றாகக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். ஏலத்தின்போது பக்கத்தில் நின்ற டீச்சரிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "என் பொண்ணே வெட்டுனது, டீச்சர். ரம்பம் வெச்சு." அதைச் சொன்னபோது அம்மாவின் குரல் வகுப்பில் பேசுகிற அளவுக்கு உயர்ந்திருந்தது.

வெட்டி எடுத்த துண்டுகளில் பெரியதை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் அவள் மேஜையில் தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு நான் எனக்கென்று இடது கைக் கத்தரி ஒன்றை ஆன்லைனில் வாங்கி, காட்டுவதற்காக அத்தை கடைக்கு எடுத்துப் போனேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடது கையில் மாட்டிக்கொண்டு, மேஜையில் கிடந்த பட்டுத் துணியை ஓரம் முதல் ஓரம்வரை வெட்டினாள். ஒரு நெளிவில்லை. கத்தரிக்காரனுக்கு ஒரு திட்டுமில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தலைநிமிராமல் சொன்னாள்.

"சின்ன வயசுல அடிச்சு அடிச்சு எல்லாத்தையும் மாத்திட்டாங்க. சாக்கட்டி மட்டும் அவங்க கண்ணுல படல."

கத்தரியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சின்ன வயதில் நான் கிட்டாரை வெட்டிய அந்த வாரம் முழுதும் வாடிக்கைக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அரம் தேய்கிற சத்தம் நிற்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து வந்து, கை ஃப்ரீயா இருக்கா, கை ஃப்ரீயா இருக்கா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் கையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு தரமும் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.