கோட்டில் பட்ட பந்து

என் மகள் இன்று வெளிநாடுகளில் கோப்பை வாங்கும் டென்னிஸ் வீராங்கனை. அவளுடைய பதினாறாவது வயதில் நடந்த ஒன்றை நான் இதுவரை வெளியே சொன்னதில்லை.

நான் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அன்று லீவு போட்டுவிட்டு, சென்னையில் நடந்த மாநில இறுதிப் போட்டிக்கு அவளோடு போயிருந்தேன். இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் கோப்பை அவளுக்கு. எதிரில் ஆடிய பெண் அடித்த பந்து கோட்டோரம் விழுந்தது. நடுவர் "அவுட்" என்றார். நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

என் மகள் நடுவரிடம் போனாள். "சார், பந்து கோட்டுல பட்டுச்சு. பாயிண்ட் அவங்களுக்குத்தான்" என்றாள். நடுவரும் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். அதன்பிறகு ஆட்டம் திரும்பிவிட்டது. அவள் தோற்றாள்.

மீஞ்சூருக்குத் திரும்பும் ரயிலில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அம்பயரே குடுத்தத நீ இன்னாத்துக்கு வேணான்னு சொன்ன? இத்தினி வருசம் ஒழைச்சது இதுக்கா?" என்று கத்தினேன்.

"கோட்டுல பட்டத நான் பாத்தேன் நைனா. அந்தக் கப்ப ஊட்ல வெச்சு டெய்லி பாத்துக்கினு எப்பிடி இருக்கிறது?" என்றாள்.

மீஞ்சூர் நெருங்கும்போது, "நானும் பாத்தேன்மா" என்றேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

அதன்பிறகு அவள் எத்தனையோ போட்டிகளில் ஜெயித்துவிட்டாள். ஊரே பாராட்டுகிறது, சந்தோஷம்தான். ஆனால் இவளுக்கா நான் அப்பன் என்று முதன்முதலில் எனக்கு நெஞ்சு நிறைந்தது, அவள் தோற்றுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அன்றைக்குத்தான்.