உப்பு போட்ட ஐஸ்

செத்தால் தன் கண்களை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் சொன்னபோதெல்லாம் நான் அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"பாறசாலை பஸ்ஸுல போற பொண்ணுவள பாத்து பாத்து தேஞ்ச கண்ணாக்கும் அண்ணே. சும்மா குடுத்தாலும் ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"நாக்கு எடுக்க ஆளு வந்தா மொதல்ல ஒனக்கத காட்டிக் குடுப்பேன் மக்கா" என்பான்.

இதய வால்வு கெட்டிருந்த அவன் ஒரு மத்தியானம் வீட்டிலேயே இறந்தான். நான் பூத்துக்கு ஓடி, திருவனந்தபுரம் கண் வங்கிக்குப் போன் செய்தேன். ஒரு டாக்டரும் உதவியாளரும் ஜீப்பில் வந்து, கதவைச் சாத்தி வேலையை முடித்து, இரண்டு கண்ணாடிக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். அண்ணனின் இமைகள் மூடியிருந்தன. தூங்குவதுபோல என்று சொல்ல எனக்கு வரவில்லை. உள்ளே பஞ்சு இருந்தது.

ஜீப் கிளம்பவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவர டிரைவர் பெருங்கடவிளைக்குப் போனார். அதற்குள் வெக்கையில் பெட்டியில் இருந்த ஐஸ் தண்ணீராகிவிட்டது. இங்கே ஐஸ் கிடைக்குமா என்று டாக்டர் கேட்டார்.

அப்பா சைக்கிளில் மீன் விற்பவர். அழுதுகொண்டிருந்தவர் எழுந்தார்.

"நான் கொண்டு வாறேன் சாறே."

ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு கட்டியைக் கொண்டுவந்து, சாக்கில் சுற்றி உடைத்து, பெட்டியைத் தானே நிரப்பி மூடினார். மேலே ஈரச் சாக்கைப் போட்டு, வண்டி சரியாகும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

புறப்படும்முன் டாக்டர் பெட்டியைத் திறந்து ஒரு குப்பியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது.

"இதில் உப்பு இட்டோ?"

"ரெண்டு கை நெறய போட்டிட்டுண்டு சாறே. உப்பு போட்டாத்தான் ஐஸுக்கு குளிரு ஏறும். எனக்க பிள்ளைக்க கண்ணாக்கும், கெட்டுப் போவப்பிடாது."

டாக்டர் குப்பியைத் திரும்ப வைத்து மூடினார். உதவியாளர் என் காதருகே சொன்னார்: "தணுப்பு மதி தம்பி, குளிர்ந்தா போதும். உறைஞ்சா கண்ணு போச்சு."

"இந்தக் கண்ண ஆருக்கு வைப்பினும் சாறே?" என்று அப்பா கேட்டார்.

டாக்டர் ஜீப்பில் ஏறினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு குளத்தூர் பக்கம் மீன் கொடுக்கும் வீடுகளில் எல்லாம் அப்பா சொல்ல ஆரம்பித்தார்: "எனக்க மூத்தவனுக்க கண்ணு ரெண்டும் எங்கயோ பாத்திட்டு இருக்கு." சொல்லிக்கொண்டே மீன்மேல் ஐஸைப் பரப்பி, உப்பைத் தூவுவார். நான் கூட இருந்தால் என் பக்கம் திரும்புவார்.

"வாயடிக்கியவன் நீயாக்கும், நீ சொல்லுலே. அண்ணைக்கி ஐஸ் நல்லா நின்னுதா இல்லியா?"

"நின்னுது அப்பா" என்பேன்.