சூடம் அணைத்த சத்தியம்

இலுப்பூர்ச் சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இருந்த கடலைக் கொட்டகையில் ராக்காயி பதினாறு வருடம் கடலை உடைத்தாள். புருஷன் செத்த மறுமாதம் அங்கே வேலைக்கு வந்தவள். அவன் உயிரோடு இருந்தவரை அவள் அடி வாங்காத வாரம் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். ஒருவரும் கேட்டதில்லை; அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

1956ஆம் வருடம் தை மாதம் செவந்தி என்ற பெண் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். இருபது வயதுகூட இருக்காது. புழுக்கத்திலும் முந்தானையால் தோளை இழுத்து மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மூட்டையைத் தூக்கும்போது முந்தானை நழுவியது. தோளிலிருந்து முழங்கைவரை சாட்டைத் தடங்கள். பக்கத்தில் இருந்த சொர்ணவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராக்காயியால் முடியவில்லை.

“இன்னைக்கு வீட்டுக்குப் போகாத புள்ள. என்னோட வா.”

“எங்க வீட்டுக்காரரு தேடி வருவாரேக்கா.”

“வரட்டும். நாங்க பத்துப் பேரு இருக்கோம்.”

சொன்ன பிறகுதான் மற்ற பெண்களின் முகத்தைப் பார்த்தாள். யாரையும் கேட்காமல் சொன்ன பேச்சு அது. பிறகு சொர்ணவல்லி, “ஒன் வீடு ரோட்டோரம். எங்க வீடுதான் உள்ள தள்ளி இருக்கு. மொதல்ல அங்க இருக்கட்டும்” என்றாள்.

அதன்பின் ஒரு வீட்டில் இரண்டு நாள், இன்னொரு வீட்டில் மூன்று நாள் என்று செவந்தி இருந்தாள். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நாலு பேர் கூடவே நடந்தார்கள். புருஷன் மலையாண்டி வண்டிமாட்டுச் சாட்டையோடு இரண்டு முறை வந்தான். பெண்கள் எழுந்து வாசலை அடைத்து நின்றதைப் பார்த்து, வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனான்.

அப்புறம் அவன் ஊர்க் கூட்டத்தில் முறையிட்டான். அம்பலகாரர் வீரய்யா எல்லோரையும் ஐயனார் கோயிலுக்கு வரச் சொன்னார். இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று மலையாண்டி சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். அவன் கண்ணில் நீர் வழிந்தது. தன் புருஷன் ஒருநாளும் இப்படி அழுததில்லையே என்று ராக்காயி நினைத்தாள். நம்பிவிட்டாள்.

செவந்தி அவள் கையைப் பிடித்தாள். “நீங்க என்னக்கா சொல்றீங்க?”

“சாமி முன்னால சொல்லியிருக்காரு. போ ஆத்தா. நானே கொண்டாந்து விடுறேன்.”

இரண்டு மைல் நடந்து, அவளை அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் செவந்தி தனியாகக் கொட்டகைக்கு நடந்து வந்தாள். இடது காதிலிருந்து வடிந்த ரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. பெண்கள் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொன்னார்.

மறுபடி கூட்டம் கூடியது. வீரய்யா இன்னொரு சத்தியத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். பெண்கள் வாய் திறக்காத கூட்டம் அது. ராக்காயி எழுந்தாள்.

“போன தடவ நாந்தாங்க போகச் சொன்னேன். அந்தப் பாவம் என்னோடது. இனி அவ போகமாட்டா.”

“இது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். அதுல நீ யாரு?” என்றார் வீரய்யா.

ராக்காயி செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் சொர்ணவல்லி எழுந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக மற்றவர்களும். செவந்தியை நடுவில் விட்டுக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பெண்களின் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வரவில்லை.

செவந்தி ராக்காயியோடேயே தங்கிவிட்டாள். வலப்பக்கம் உட்கார்ந்து பேசினால்தான் அவளுக்குக் கேட்கும். ஒருநாள் ராக்காயி, “நாந்தானே ஒன்னக் கொண்டுபோயி விட்டேன்” என்றாள்.

செவந்தி கடலை உடைப்பதை நிறுத்தவில்லை. “எனக்கும் போகணும்னுதானக்கா இருந்துச்சு.”

அது ஆறுதலா என்று ராக்காயிக்கு விளங்கவில்லை.

அடுத்த ஏழு வருடத்தில் இன்னும் ஒன்பது பெண்கள் அந்த வீடுகளில் வந்து தங்கினார்கள். நாலு பேர் திரும்பிப் போனார்கள். ராக்காயி வேண்டாமென்று சொல்லிப் பார்ப்பாள். கேட்காவிட்டால், “கை நீட்டுனா நேரா இங்கிட்டு வந்துரு, யாரையும் கேக்காத” என்று சொல்லி அனுப்புவாள். மூன்று பேர் அப்படியே வந்துவிட்டார்கள். குளத்தூருக்குப் போன அழகியைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து யார் கடலை ஏற்றி வந்தாலும் ராக்காயி விசாரிப்பாள். தெரியாது என்றுதான் சொன்னார்கள்.