தம்பியின் சாவைச் சொல்ல வைத்த ஜெபம்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன், மறதியும் உண்டு. கோணல்மாணலாக இருந்தால் சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் தை மாதம் குருவிநத்தம் ஆற்றில் என் மகள் எஸ்தர் ஞானஸ்நானம் எடுத்தாள். முழுகியவள் பாஸ்டர் கையிலேயே துவண்டு விழுந்தாள். மூச்சு இல்லை. நர்ஸ் வேலை பார்க்கும் சபைச் சகோதரி ஒருவர் நெஞ்சை அழுத்தி அழுத்தித்தான் எஸ்தர் கண் திறந்தாள்.

"ஆவி எறங்கிச்சு" என்றார்கள் சிலர். "பேய் வெளிய போவுது" என்றார்கள் சிலர்.

பாஸ்டர், "இன்னா பேச்சு இது? ஆம்புலன்ஸ கூப்புடுங்கப்பா" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. பார்த்து, பரம்பரையாக வரும் இதயக் கோளாறாக இருக்கலாம், மறுபடி வந்தால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். மரபணு சோதனைக்கு முன் ஒரு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துக் கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் பிரச்சன இருக்கா? சின்ன வயசுல திடீர்னு யாராவது போயிட்டாங்களா?"

"எங்க வூட்லயா? ஒருத்தரும் இல்ல மேடம்" என்றார் மருமகன். அவர் பொய் சொல்லவில்லை, எங்கள் பழைய கதை அவருக்குத் தெரியாது.

எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தது. வெள்ளத்தில் ஆற்றை நீந்திக் கடக்கிறவன், வாலிப வயதில் ஒருநாள் பம்புசெட் தொட்டியில் குதித்தான், எழவில்லை. இடுப்பளவு தண்ணீர். முனி அடித்தது என்றது ஊர். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். படித்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கும் எழாது. ஆண்டவரே, என் வாயைத் திறவும், என் பிள்ளையைக் காப்பாற்றும் என்று உள்ளுக்குள் கேட்டேன்.

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும்மா."

முடிவு வர நாளாயிற்று. கோளாறு என் வழியாகத்தான் எஸ்தருக்குப் போயிருக்கிறது. தண்ணீரில் குதித்தால், நீந்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் வகையாம். நான் நீந்திப் பழகாதவள், அதனால் தப்பியிருக்கிறேன். என் பிள்ளைக்கு நானே கொடுத்துவிட்டேனே என்று அழுதேன்.

"வேணும்னா குடுத்தீங்க? ஒங்க மூக்குந்தான் அவங்களுக்கு வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா.

இப்போது இருவருக்கும் மாத்திரை. ஆறு, குளம் கிடையாது. தம்பி மகனைத் திருக்கனூரிலிருந்து வரவழைத்துச் சோதித்துப் பார்த்தோம். அவனுக்கும் இருந்தது. அவனும் மாத்திரை சாப்பிடுகிறான்.

"எனக்குப் பாதி ஞானஸ்நானந்தானா பாஸ்டர்?" என்று எஸ்தர் கேட்டாள்.

"செத்து எழுந்துட்ட. அதவிட முழுசா எப்படிம்மா எடுப்ப?" என்றார்.

முன்பு சபையில் வாய் திறக்காத நான் இப்போது எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்கிறேன். நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள், தருவார். டாக்டர் கேட்டால் செத்தவர்களைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நோயின் பெயர் எனக்கு வாயில் வராது, விட்டுவிட்டேன். எழுதியதில் தப்பு இருக்கும். யாராவது எஸ்தரிடம் கேட்டுத் திருத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருப்பாள்.