வாரேனுங்க

வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்ய எனக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது. என்றைக்கு விடுவது என்பதில்தான் ஆறு வருடம் ஓடிப்போனது.

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் நான் கணக்கர். டிரைவர்கள் கொண்டுவரும் டீசல் பில்லையும் சுங்கச்சாவடிச் சீட்டுகளையும் பிரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. நாக்பூர் வரைக்கும் எந்தச் சாவடிக்கு அடுத்து எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் கிருஷ்ணகிரியைத் தாண்டியதில்லை. வேலை கஷ்டமில்லை, கஷ்டமாக இருந்தாலாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். வெண்ணந்தூரில் காலையில் பஸ் ஏறும்போதே இறங்கிவிடலாமா என்றிருக்கும்.

மார்ச்சில் வருடக் கணக்கை நடுவில் விட்டுப் போனால் துரோகம். ஆடியில் யாராவது புது வேலையில் சேர்வார்களா? புரட்டாசியில் ஆடிட். மார்கழி ஆகாது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள், எனக்கு மறுபடி மார்ச்தான் பிறந்தது. பஞ்சாங்கமும் ஆடிட்டரும் பேசிவைத்துக்கொண்டு என்னை மடக்குவதாக என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தறியை நிறுத்தாமலே, "ஒனக்கு நல்ல நாளு பஞ்சாங்கத்துலயே இல்லையாட்ட இருக்குது" என்றார்.

போன வருடம் ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கு வணிகவியல் டீச்சர் தேவைப்பட்டது. மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். ஆபீசில் என்னை அறுக்கும் அதே பற்று வரவைத்தான் போர்டில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், "இப்பப் புரியுதுங்க டீச்சர்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாளாளர் அப்போதே, "திங்கக்கெழம ஒம்போது மணிக்கு வந்து சேந்துக்குங்க. இல்லீன்னா இன்னொருத்தரு காத்துட்டு இருக்கறாங்க" என்றார்.

ஆகவே சனிக்கிழமைக்குள் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். அவர் கத்துகிற மனிதராக இருந்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பேன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தன் காரை அனுப்பியவர் அவர். எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். நல்லவரிடம் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது கஷ்டம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவர்கள் யாரும் போறேன் என்று சொல்லமாட்டார்கள், அது அபசகுனம். கல்யாணமாகிப் பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண்கூட வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். பழகிய வாய், வேறு என்ன சொல்லும்? பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அத்தனையும் மறந்து, "ஐயா, அப்ப நான் வாரேனுங்க" என்றேன். ஆறு வருடத்தையும் அந்த ஒரு வார்த்தையில் போட்டுத்தான் சொன்னேன்.

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செரி சாமி. திங்கக்கெழம காலையில செத்த நேரமே வாங்க. வடக்க போன வண்டி ரண்டும் வந்துரும்."

படி இறங்கும்போது என்மேல் எனக்கே கோபம் பொங்கியது. புதுச்சத்திரம் தாண்டியதும் பஸ்ஸிலிருந்தே போன் செய்தேன்.

"ஐயா, நானுங்க. திங்கக்கெழமையில இருந்து என்னால வர முடியாதுங்க."

"ஏஞ்சாமி, ஒடம்பு சரியில்லீங்களா? மூஞ்சி வாடிக் கெடந்துச்சு, அப்பவே நெனச்சன். ரண்டு நாளு ஊட்ல இருந்துட்டு வாங்க."

இல்லைங்க என்று சொன்னால் போதும், முடிந்துபோயிருக்கும். நான் "ஆமாங்க" என்றேன்.

வீட்டுக்காரர் வாசலிலேயே, "சொல்லீட்டயா?" என்றார்.

"சொல்லீட்டனுங்க."

"என்ன சொன்னாரு?"

"ரண்டு நாளு லீவு குடுத்துருக்கறாருங்க."

அவர் சிரிக்கவில்லை. "செரி, அந்த லீவுலயே போயிப் பள்ளிக்கொடத்துல சேந்துக்க. அவருகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் வாயால் சொல்ல வேண்டியதை அவர் எதற்குச் சொல்ல வேண்டும் என்று சண்டை போட்டேன்.

திங்கட்கிழமை நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு ராசிபுரத்தில் இறங்கியபோது எட்டு மணிகூட ஆகவில்லை. பள்ளி நடக்கிற தூரம்தான். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு இன்னொரு இடத்தில் போய்ச் சேர்வதா என்று மனசு அரித்தது. நாமக்கல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பத்து மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடலாம், ஒரு மணி நேரத் தாமதத்தைத் தாளாளர் மன்னிப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஏறினேன். கணக்குப் போடத்தான் எனக்கு நன்றாக வருமே.

என்னைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. "லீவு போட்டும் வந்துட்டீங்களே சாமி. ஒடம்பு தேவலைங்களா?"

"தேவலைங்க."

வடக்கே போய் வந்த இரண்டு வண்டிகளின் சீட்டுக் கட்டுகளும் என் மேஜைமேல் இருந்தன. ஒன்றை மட்டும் பிரித்துவைத்துவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். பத்தேகாலுக்கு என் போன் அடித்தது. பள்ளியின் பெயர் திரையில் முழுதாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன எடுங்க சாமி" என்றார் முதலாளி.

"தெரியாத நம்பருங்க" என்றேன்.