கலா அத்தையின் வலைச் சீட்

இதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் யாரிடமும் காட்டிவிடாதீர்கள். என் பெரியப்பா கண்ணில் மட்டும் படவே கூடாது. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வரிச்சிக்குடியில் கலா அத்தையிடம் மீன் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். விடிந்ததும் என் வகுப்பில் படிக்கும் உங்கள் ஊர்ப் பெண்ணிடம் கொடுத்தனுப்புவேன். அத்தை இனி வரமாட்டார் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்று மதியம் பள்ளிக்கூட வாசலில் அப்பா நின்றார். படகு கடலுக்குப் போகிற நாளில் அப்பா அங்கே வரவே மாட்டார். "பையை எடுத்துக்கிட்டு வா பாப்பா" என்றார். டெங்குக் காய்ச்சலில் அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் அப்பா நேராக வீட்டுப் பக்கம் வண்டியை விட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு அத்தையைவிட அவருடைய சைக்கிள்தான் முதலில் ஞாபகம் வரும். நாற்காலியில் சாய்ந்ததுபோல உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள். பிரான்சிலிருந்து வந்து காரைக்காலில் கொஞ்ச காலம் இருந்த ஒரு பெரியவருக்கு அத்தைதான் வாடிக்கையாக மீன் கொடுத்தார். மீன்கூடை சுமந்து அத்தையின் இடுப்பு கெட்டுப்போய், சாதாரண சைக்கிளில் உட்கார முடியாமல் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய சைக்கிளை அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்.

அவர் நெட்டையானவர். சீட் அவர் காலுக்குத் தகுந்த தூரத்தில் இருந்தது. அத்தைக்குப் பெடல் எட்டவில்லை. சுவரோரம் சைக்கிளைச் சாய்த்து, அத்தை ஏறி உட்கார, நான் ஸ்பேனரோடு கீழே உட்கார்ந்தேன். எட்டாமல் போய்விடுமோ என்ற பயத்தில் முதலில் சீட்டை மிகவும் முன்னால் தள்ளிவிட்டோம். மறுநாள் அத்தைக்கு முழங்கால் வலி. பின்னால் இழுத்தோம். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ரொம்பச் சாய்த்தபோது கழுத்து வலித்தது, எதிரே வந்த ஆடும் தெரியவில்லை. "கால் பெருவிரலுக்கு மேல ரோடு தெரியணும் பாப்பா. இப்ப எனக்கு வானந்தான் தெரியுது" என்றார். நான் சலித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கங்க அத்தை, பழகிடும்" என்றேன். "நான் எல்லாத்தையும் பொறுத்துப் பொறுத்துத்தாண்டி இடுப்பு போச்சு. வலிச்சா நகர்த்து. பொறுத்துக்காதே" என்றார்.

சீட்டின் துணி ஏற்கெனவே நைந்திருந்தது. ஒரு நாள் அது கிழிந்தபோது, அப்பா நைலான் நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சீட்டின் இரும்புச் சட்டத்தில் வலை பின்னினார்.

"அண்ணே, இது எனக்கா, வஞ்சிரத்துக்கா?" என்று அத்தை கேட்டார்.

"வஞ்சிரமாவது சும்மா கெடக்கும். நீ வாயாலயே வலைய அறுத்துடுவ. அதான் வலைக்கண்ணியெல்லாம் சின்னதாப் போடுறேன்."

அந்த வலையில் சாய்ந்த பிறகுதான் அத்தைக்கு வலி விட்டது. ஐஸ்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அத்தை உங்கள் ஊருக்குக் கிளம்பிய முதல் நாள், டீக்கடை அத்தாச்சி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏண்டி கலா, கால முன்னாடி நீட்டிக்கிட்டு, பாடையில போறமாரில்ல போற" என்றார். அத்தை பெடலை நிறுத்தவில்லை. "பாடையில போறவ திரும்பி வருவாளா அத்தாச்சி? நான் சாயங்காலம் வந்து ஒங்க கடையிலதான் டீ குடிப்பேன். சீனி கம்மியாப் போட்டு வைங்க." சொன்னபடியே வந்து குடித்தார். அதற்குப் பிறகு தினமும் குடித்தார்.

இப்போது எல்லோரும் அந்த முதல் பேச்சை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் குடித்த டீயை யாரும் சொல்வதில்லை. உயிரோடு இருக்கும்போதே பாடையில் போகிறமாதிரி போய்ச் சாவைக் கூப்பிட்டுக்கொண்டாள் என்கிறார்கள். காய்ச்சலைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாளை கருமாதி. எங்கள் பக்கம் இறந்தவர் படுத்த பாயையும் தலையணையையும் கருமாதியன்று கடலில் விட்டுவிடுவோம். பெரியப்பா நேற்று அந்த சீட்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். "அதுலயுந்தானே படுத்துக்கிட்டுக் கெடந்தா. அதுவும் படுக்கைதான். போகட்டும்." அத்தை அவருக்கும் தங்கைதான். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த வலையைப் பின்னிய கைதான் நாளை அதைக் கடலில் விட வேண்டும்.

இன்று இருட்டியதும் நான் சீட்டைக் கழற்றி என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். எந்த போல்ட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்போது அதைச் சுவரில் சாய்த்து, அதில் முதுகை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அத்தையின் முதுகு அளவுக்கு வலை தொய்ந்திருக்கிறது. என் முதுகு அந்தக் குழியை நிறைக்கவில்லை. அத்தையிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது இந்தக் குழிதான். வலித்தால் நகர்த்து என்றாரே, அந்தப் பேச்சும். இதையும் கடலில் விட்டுவிட்டால், கலா அத்தை படுத்துக் கிடந்தவர் என்றுதான் ஆகிவிடும். அத்தை இதில் படுக்கவே இல்லை. இதில் அவர் உங்கள் ஊருக்கு வந்தார். நாளை பெரியப்பா முன்னால் நின்று இதைச் சொல்ல வேண்டும். நீங்கள் யாராவது வந்து, ஆமாம், எங்கள் ஊருக்கு வந்தவர்தான் என்று ஒரு வார்த்தை

கதவு தட்டுகிற சத்தம். அப்பாதான்.

"பாப்பா, அந்த சீட்டு ஒங்கிட்டயா இருக்கு?"

குரலில் இருப்பது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. நான் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கதவைத் திறக்கப் போகிறேன், முதலில் அப்பாவிடம் சொல்லிப் பார்க்கிறேன்.