மருதையாற்றில் முறிந்த கை

வெள்ளம் வருவதற்கு முன்பே அதன் நாற்றம் வந்துவிடும். அழுகிய வைக்கோலும் சேறும் செத்த ஆடும் கலந்த அந்த வாடை, அரியலூர்ப் பக்கம் மருதையாற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு இன்றும் மறக்காது. ஆறா அது, பேய்! கோடை முழுக்க வெறும் மணலாய்க் கிடந்துவிட்டு, ஐப்பசியில் கரைக்கு முட்டுக் கொடுத்த பனங்கட்டைகளையே பிடுங்கி எறிந்துகொண்டு வரும்.

எங்கள் ஊர் வடகரை. அம்மா பிறந்த ஊர் நேரெதிரே தென்கரை. ஒரு கரை உடைந்தால் தண்ணீர் வடிந்து மறுகரை தப்பிக்கும் என்பதால், அவரவர் கரையில் மண்மூட்டை அடுக்கிவிட்டு, எதிர்க்கரைக்காரன் வந்து வெட்டிவிடாமல் கம்போடு நிற்பார்கள். "கரைக்காவல்" என்று அதற்குப் பெயர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவெல்லாம் தண்ணீர் வடிந்த பிறகுதான்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், ஒரு காலையில், பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு மண்வெட்டிகளோடு வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் அம்மாவின் அண்ணன். என்னை மடியில் உட்காரவைத்துக் காது குத்திய தாய்மாமன். காவலில் நின்றவர் அப்பா. அம்மாவும் நானும் சோற்றுத் தூக்கோடு போய்ச் சேர்ந்தபோது, மாமன் மூட்டைகளைப் புரட்டிவிட்டுக் கரையை வெட்டத் தொடங்கியிருந்தார்.

"மாப்ள, என் வூட்டுல புள்ளைங்க இருக்கு. வழிய வுடு!"

"என் வூட்டுல உன் தங்கச்சி இருக்கா மச்சான். போயிடு!"

மாமன் மறுபடி மண்வெட்டியை ஓங்கினார். அப்பாவின் கம்பு அவருடைய வலது மணிக்கட்டில் இறங்கியது; எலும்பு முறிந்த சத்தம் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. அதோடு விட்டார்களா? இரண்டு ஊரும் சேற்றில் புரண்டு மண்டையை உடைத்துக்கொண்டது. அம்மா, வெட்டிய இடத்தில் குப்புற விழுந்து, "எந்த வூட்டுக்குன்னு நான் அழுவேன், பாவிங்களா!" என்று கதறினாள்.

அன்று மத்தியானம் தென்கரை உடைந்தது. மாமி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடித் தப்பினாள். அம்மா பிறந்த வீடு சுவரோடு போனது. எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. நாங்கள் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷமே இல்லை, அப்பாவைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது.

இப்போது இரு பக்கமும் சிமெண்ட் சுவர் எழுந்துவிட்டது. கரைக்காவல் என்றால் என் பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது. அப்பாவும் மாமனும் மட்டும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. போன மழைக்கு ஆறு நிறைந்து ஓடியபோது அம்மா மாமனுக்குப் போன் போட்டாள்.

"ஆறு கெடக்குது வுடுண்ணே. மழைக்குக் கை குடையுமே, தைலம் தடவுனியா?"

கட்டிலில் கிடந்த அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.